விலை கொடுத்து வாங்கிய வனம்

வனவாசம் என்றால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது கஷ்டந்தான். ராமபிரானைப் பதினான்கு வருஷம் காட்டுக்கு அனுப்பியது கைகேயியின் வரம்; பாண்டவர்களைப் பன்னிரண்டு வருஷம் அனுப்பியது சூதாட்டம். தாமாக விரும்பி, கையிலிருந்து பணமும் கட்டி, ஆறு மாதத்துக்கு முன்பே இடமும் பிடித்து வைத்துக்கொண்டு யாரேனும் வனவாசம் சென்றதாக நம் புராணங்களில் காணோம். அமெரிக்கர்களோ இந்த மூன்றையும் செய்கிறார்கள்! கோடை விடுமுறை வந்ததோ இல்லையோ, கூடாரமும் கம்பளியும் சட்டி பானைகளுமாகக் குழந்தை குட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். அந்நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் கட்டுச்சோற்று மூட்டையுடன் இந்த வனவாசத்தில் சேர்ந்துகொள்வதுண்டு.

அவர்கள் செல்லும் காடுகளில் பல அந்தந்த ராஜ்யத்துச் சர்க்காருக்குச் சொந்தமானவை. 'ஸ்டேட் பார்க்' என்பது அவற்றின் பெயர். பார்க் என்றவுடன் ரோஜாப் பாத்தியையும் சிமெண்டுப் பெஞ்சியையும் வேர்க்கடலை விற்பவனையும் நேயர்கள் மனத்தில் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது மனிதன் வைத்த தோட்டமன்று. மனிதனிடமிருந்து மீட்ட வனம். எப்படி மீட்டார்கள், மீட்ட பிறகும் எப்படிக் கோட்டை விட்டார்கள், இப்போது அங்கே தங்கப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் நாம் அறிந்துகொள்ளத் தக்க விஷயங்களே. அதற்காகக் கலிபோர்னியா ராஜ்யத்தின் வடபகுதியிலுள்ள ஹம்போல்ட் ரெட்வுட் ஸ்டேட் பார்க்குக்கு நேயர்களை அழைத்துச் செல்கிறோம்.

மரமா, கோபுரமா?

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வடக்கே சுமார் 225 மைல் பிரயாணம் செய்தால் ஈல் நதியின் தென் கிளை வருகிறது. நதியை ஒட்டிச் சுமார் 31 மைல் தூரத்துக்கு ஒரு பழைய பாட்டை. அதற்கு 'ராட்சதர்களின் சாலை' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டையில் நுழைந்ததும் வெயில் மறைந்துவிடுகிறது. பேச்சும் தானாகவே குறைந்துவிடுகிறது.

ரெட்வுட் என்பதைச் 'செம்மரம்' என்று தமிழாக்கலாம். ஆனால் ஆந்திர மலைகளில் விளையும் செஞ்சந்தனத்தையும் நாம் அப்படியே அழைப்பதால், ரெட்வுட் என்றே சொல்லி வைப்போம். உலகத்திலுள்ள மரங்களில் இதைவிட உயரமானது வேறில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி உயரம். அதன் உச்சியில் இன்னொரு நூற்றைம்பதடிக் கோபுரத்தை ஏற்றி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வனத்தின் மிக உயர்ந்த மரங்கள் அத்தனை உயரம்! ராஜராஜ சோழர் அந்த விமானத்தைக் கட்டி முடித்த 1010-ஆம் ஆண்டிலேயே இந்த வனத்தின் சில மரங்கள் நின்றுகொண்டிருந்தன. இவ்வினத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த மரங்களும் உண்டு.

இவ்வளவு பெரிய மரத்தின் காய் ஒரு சிறு நெல்லிக்காய் அளவுதான். விதையோ தக்காளி விதை அளவு. பட்டை ஓர் அடி கனம் வரை இருப்பதால் சாதாரணக் காட்டுத் தீ இதை ஒன்றும் செய்வதில்லை. மழையே இல்லாத கோடை மாதங்களில் பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மூடுபனியை இலைகளால் வடித்து, சொட்டுச் சொட்டாகத் தன் காலடியிலேயே விட்டுக்கொள்கிறது. தனக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் மரம்!

ஆனால் ஒரு பலவீனம் உண்டு. இதன் வேர் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழம் போவதில்லை. பக்கவாட்டில் நூறடி வரை ஓடி, அடுத்த மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கிறது. ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டுதான் இந்த ராட்சதர்கள் நிற்கிறார்கள். இந்தச் செய்தியை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பெண்மணிகள் தொடுத்த போர்

ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையோரத்தில் சுமார் இருபது லக்ஷம் ஏக்கர் முதிர்ந்த ரெட்வுட் காடு இருந்தது. இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஐந்து பங்கு. மற்றவை எங்கே போயின? வீட்டுக் கூரைக்கு வேயும் சில்லுப் பலகைகளாகவும், ரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டைகளாகவும், திராட்சைக் கொடி படரும் முட்டுக் கொம்புகளாகவும் போயின. ஆயிரம் வருஷத்து விருக்ஷத்தை வெட்டித் திராட்சைக் கொடிக்குக் கொம்பு நடுவதைக் கண்டு மனம் பொறாத சிலர் 1918-ஆம் ஆண்டில் 'ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம்' ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

அடுத்த வருஷமே ஹம்போல்ட் மாவட்டத்துப் பெண்மணிகள் தாங்களும் ஒரு சங்கம் கூட்டினார்கள். அதன் தலைவி லாரா பெரட் மாஹன். 1924-ல் டயர்வில் என்னுமிடத்தில் மரக் கம்பெனியார் சந்தடியில்லாமல் மரங்களை வெட்டத் தொடங்கியபோது, அந்த அம்மையாரும் அவருடைய கணவரும் அதைக் கண்டுபிடித்துத் தடுத்து நின்று ஊருக்கெல்லாம் தெரியப்படுத்தினார்கள். இன்று அந்த இடத்தில் யாத்திரிகர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கும் மரங்கள், அன்று அத்தம்பதிகள் சும்மா இருந்திருந்தால் பலகைகளாகப் போயிருக்கும்.

காட்டைக் காக்க அவர்கள் கண்ட வழி மிக எளியது: விலை கொடுத்து வாங்கிவிடுவது! 1921-ல் முதல் தோப்பு அர்ப்பணம் செய்யப்பட்டது. அதன் பிறகு தாயார் நினைவாக, மகன் நினைவாக, சங்கத்தின் பெயரால் என்று தோப்புத் தோப்பாக வாங்கிச் சர்க்காரிடம் ஒப்படைத்தார்கள். 1928-ல் கலிபோர்னியா வாக்காளர்கள் ஸ்டேட் பார்க்குகளுக்காக அறுபது லக்ஷம் டாலர் கடன் பத்திரம் வெளியிடச் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஜனங்கள் ஒரு டாலர் நன்கொடை கொடுத்தால்தான் சர்க்கார் ஒரு டாலர் எடுத்து வைக்கும். 1926-ல் ராக்பெல்லர் குமாரர் குடும்பத்துடன் வந்து புல் கிரீக் என்னும் ஓடைக்கரை மர நிழலில் வனபோஜனம் செய்தார். அந்தச் சாப்பாட்டுக்கு அவர் கொடுத்த விலை, மொத்தத்தில் இருபது லக்ஷம் டாலர்! 1931-ல் ஓடைக்கரைக் காடு பொதுஜனங்களின் சொத்தாயிற்று. சுமார் பதினாயிரம் ஏக்கருள்ள ராக்பெல்லர் வனம் இன்று உலகத்திலேயே தொடர்ச்சியாக எஞ்சியிருக்கும் மிகப் பெரிய முதிர் ரெட்வுட் காடு. பார்க் முழுவதும் சேர்த்தால் ஐம்பதினாயிரம் ஏக்கருக்கு மேல்.

பெண்மணிகளின் சங்கச் சம்மேளனம் வாங்கிய தோப்பில் ஓர் அழகான அடுப்பு மேடை இருக்கிறது. நடுவே ஒரு புகைபோக்கி. நாலு திசைக்கும் நாலு அடுப்பு. 1930-களில் அதை அமைத்தவர் ஜூலியா மார்கன் என்ற பெண் சிற்பி. கலிபோர்னியாவில் கட்டடச் சிற்பியாக லைசென்ஸ் பெற்ற முதல் பெண்மணி அவரே. வனத்தைக் காத்த பெண்கள் அங்கே தங்கள் ஞாபகார்த்தமாகச் சிலையை வைத்துக்கொள்ளாமல் அடுப்பை வைத்தது எவ்வளவு பொருத்தம்!

அவர்களுக்கும் முந்தியவர்கள்

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. வாங்கினார்கள், சரி, விற்றவர்களுக்கு இது எப்படிக் கிடைத்தது? வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் இந்த நதிக்கரையில் சின்கியோன் என்னும் ஆதிகுடி மக்கள் வாழ்ந்தார்கள். 1850-களிலும் 1860-களிலும் வந்தேறிகள் அவர்களில் பலரைக் கொன்றார்கள். எஞ்சியவர்களை ஊரை விட்டு ஓட்டினார்கள். அடிமைப்பட்ட தேசத்தின் துன்பத்தை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. பாதுகாப்புச் சங்கத்தை ஸ்தாபித்த மூவரில் ஒருவரான மாடிஸன் கிராண்ட் என்பவர், வெள்ளையரில் ஒரு சாராரே உயர்ந்த ஜாதி என்று சாதித்து 1916-ல் புத்தகம் எழுதியவர். மரத்தின் வம்சம் அழியக் கூடாது என்று கண்ணீர் விட்ட அதே மனிதர், மனிதரில் பாதிப் பேரைத் தாழ்ந்தவர் என்று எழுதினார்! காலம் இதற்கும் பதில் சொல்லியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு, அவர் ஸ்தாபித்த அதே சங்கம், இந்தப் பார்க்குக்குத் தெற்கே மெண்டசீனோ மாவட்டத்தில் தான் வாங்கிய 523 ஏக்கர் ரெட்வுட் காட்டைச் சின்கியோன் மக்களின் சந்ததியார் உள்ளிட்ட ஆதிகுடிகளின் கூட்டுச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. இழந்ததற்கு அது ஈடாகாது. எனினும் நிலம் யாருடையது என்பதை ஒப்புக்கொண்ட செய்கை அது.

வாங்காமல் விட்ட மலை

இப்போது வேரின் விஷயத்துக்கு வருவோம். 1931-ல் வாங்கியது ஓடைக்கரைச் சமவெளியை. அழகான மரங்கள் அங்கேதான் இருந்தன. ஓடை பிறக்கும் மலைச் சரிவுகள் தனியாரிடமே இருந்தன. அவற்றில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியிருப்பார்கள் போலும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் வீடு கட்ட மரத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. இயந்திரங்கள் மலை ஏறின. சில வருஷங்களில் சரிவுகள் மொட்டையாயின. வண்டி போகப் பாட்டை வெட்டினார்கள், தீயும் பிடித்தது.

1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெருமழை கொட்டியது. பிடிப்பு இழந்த மலை மண்ணும் சரளைக் கல்லும் ஓடையில் இறங்கின. படுகை மேடாகிவிட்டதால், ஓடை பக்கவாட்டில் பாய்ந்து கரைகளை அரித்தது. சாதாரண வெள்ளத்துக்கு ரெட்வுட் அஞ்சுவதில்லை. வண்டல் படிந்தால் அதிலேயே புது வேர் விட்டுக்கொள்ளும். ஆனால் காலடி மண்ணே கரைந்து போனால் என்ன செய்யும்? ஆழமில்லாத வேர் அந்தரத்தில் நின்றது. பல நூறு வருஷங்களாக நின்ற மரங்கள் நூற்றுக்கணக்கில் ஓடைக்குள் சாய்ந்தன. அவற்றின் மேல் ஒரு கோடரியும் படவில்லை. வேலி போட்டுக் காத்த மரங்களை வேலிக்கு வெளியே செய்த காரியம் வீழ்த்திவிட்டது!

1964 டிசம்பரில் இன்னும் பெரிய வெள்ளம் வந்து நதிக்கரை ஊர்களையே வாரிக்கொண்டு போயிற்று. அவ்வருஷத்துத் தண்ணீர் நின்ற உயரத்தை வீயாட் என்ற சிற்றூரில் ஒரு கம்பத்தின் உச்சியில் குறித்து வைத்திருக்கிறார்கள். மேலே தெரியும் அந்தக் குறியை அண்ணாந்து பார்க்கும்போது உடல் சிலிர்க்கும்.

சர்க்கார் பாடம் கற்றது. மொட்டை மலைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்குடன் சேர்த்தது. இப்போது புல் கிரீக் ஓடையில் நீர் வடியும் பரப்பு ஏறக்குறைய முழுவதும் பொதுச் சொத்து. பழைய மர வண்டிப் பாட்டைகளைக் கெல்லி எடுத்து மலையை மீண்டும் மலையாக்கும் வேலை நடந்து வந்திருக்கிறது. முதலிலேயே மலையையும் சேர்த்து வாங்கியிருந்தால் எவ்வளவு மரம், எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கும்!

கூடாரம் அடிக்குமுன்

வரலாறு போதும், இனி வாசத்துக்கு வருவோம். பார்க்கில் கூடாரமடித்துத் தங்க 250-க்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. பர்லிங்டன் என்ற முகாம் சாலையோரத்தில், யாத்திரிகர் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு வெட்டப்பட்ட ராட்சத மரங்களின் அடிக்கட்டைகளும், அவற்றைச் சுற்றி முளைத்த இளமரங்களும் அங்கே கூடாரங்களுக்குக் காவல். அல்பீ கிரீக் என்ற முகாம் உள்ளே தள்ளியது. யாரோ குடியிருந்து பயிரிட்ட பழைய பழத்தோட்டத்தின் ஆப்பிள் மரங்கள் இன்னும் அங்கே காய்க்கின்றன. காய்த்தால் மான்களும் கரடிகளும் வரத்தானே செய்யும்!

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், உணவுப் பண்டங்களைப் பூட்டி வைக்க ஒரு கனத்த இரும்புப் பெட்டி. பெட்டி கரடிக்காக, அதாவது, கரடிக்கு எட்டாமலிருப்பதற்காக. அரிசி பருப்பு மட்டுமன்று, சோப்பும் பற்பசையுங்கூட அதற்குள் போக வேண்டும். வாசனை வீசுவதெல்லாம் கரடிக்குப் பலகாரமே. ஒரு தரம் மனிதர் சோற்றை ருசி கண்ட கரடி மறுபடியும் முகாமைத் தேடி வரும். கடைசியில் துப்பாக்கிக்கு இரையாகும். பெட்டியைப் பூட்டுவது நம் பண்டத்தைக் காப்பதற்கு மட்டுமன்று, கரடியின் உயிரைக் காப்பதற்கும் ஆகும்.

ஆகஸ்டு மாதமாயினும் கம்பளி வேண்டும். மாலையில் மூடுபனி இறங்கினால் நம்மூர் மார்கழி தோற்றுவிடும். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கி அடுப்பெரிப்பது கூடாது; அது மக்கி மண்ணாகிக் காட்டுக்கே உணவாக வேண்டியது. விறகை அந்த வட்டாரத்திலேயே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து கொண்டுபோனால் விறகோடு பூச்சியும் நோயும் கூட வரும். மரத்தில் ஆணி அடிப்பதும் பெயர் செதுக்குவதும் குற்றம். ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் மூன்று மூன்று இலையாக மினுமினுக்கும் விஷச் செடியைத் தொட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. கச்சேரி வைத்துக்கொள்ள விரும்பும் மாமாக்கள் இதைக் கவனிக்கக் கடவர்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதும் ஒரு விதி. வேர் மேலாக ஓடுகிறதல்லவா? ஆயிரம் பாதங்கள் மிதித்தால் மண் இறுகி வேருக்குத் தண்ணீர் இறங்காது. இங்கிருந்து வடக்கே ரெட்வுட் தேசீயப் பூங்காவில் 380 அடி உயரமுள்ள 'ஹைபீரியன்' என்னும் மரம், உலகிலேயே உயர்ந்தது, 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பார்க்க ஜனங்கள் பாதையில்லாத காட்டில் புகுந்து செடிகொடிகளை மிதித்துத் துவைத்துவிட்டதால், 2022-ல் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். அன்பு மிகுந்த ரசிகர்களும் கேடு செய்ய முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

ஒரு பருக்கைச் சோறு

முகாமில் சாப்பிட்டு முடித்ததும் மேஜையைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், கீழே விழுந்த பருக்கையையும் பொறுக்க வேண்டும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லுகிறார்கள். இது வெறும் சுத்த சுகாதாரம் அன்று. அதன் காரணம் நம்மை வியக்க வைக்கிறது.

'மார்பிள்டு மர்லெட்' என்று ஒரு சிறு கடற்பறவை. சமுத்திரத்தில் மீன் பிடித்து வாழ்கிறது. அது எங்கே முட்டையிடுகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1974-ல் இதே ராஜ்யத்தின் பிக் பேஸின் என்ற மற்றொரு ரெட்வுட் பார்க்கில் மரமேறிய ஒருவர் தற்செயலாக அதைக் கண்டார். கடலிலிருந்து பல மைல் உள்ளே வந்து, முதிர்ந்த மரத்தின் உயரமான கிளையில், பாசி மெத்தையின் மேல், ஒரே ஒரு முட்டை! இப்போது பருக்கைக்கு வருவோம். முகாமில் சிதறும் உணவைத் தின்ன நீலநிற ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடுகின்றன. உணவு கிடைப்பதால் பெருகுகின்றன. கீழே தின்றது போக மேலே பார்க்கின்றன. அந்த ஒற்றை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. கட்டுச்சோற்றுப் பருக்கை ஒன்று வெகு உயரத்திலுள்ள ஒரு கூட்டை அழித்துவிடுகிறது! மலையை வெட்டினால் கீழே மரம் விழுகிறது. கீழே சோறு சிந்தினால் மேலே குஞ்சு சாகிறது.

விழுந்தும் வாழும் மரம்

பார்க்குக்குப் போகிறவர்கள் தவறாமல் காண வேண்டியது ஸ்தாபகர் தோப்பு. அரை மைல் சுற்றுப் பாதை. குழந்தைகளும் பாட்டிமார்களும் சிரமமின்றி நடக்கலாம். தரை முழுவதும் மூன்று இதயம் சேர்ந்தாற்போன்ற இலைகளுடன் ஒரு பசுஞ்செடி படர்ந்திருக்கும். உற்றுப் பாருங்கள்: நம் ஊர் வாய்க்கால் வரப்பில் முளைக்கும் புளியாரையின் உறவுதான் அது! நிழலுக்கே பழகிய அச்செடி, மேல்மூட்டத்தின் இடுக்கு வழியாக வெயில் பட்டால் இலைகளைக் குடைபோல் மடக்கிக்கொள்கிறது.

அதே தோப்பில் 'டயர்வில் ராட்சதன்' சாய்ந்து கிடக்கிறான். சுமார் 360 அடி உயரமும் பதினேழு அடி குறுக்களவும் கொண்டிருந்த அந்த மரம் 1991-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஈரம் ஊறிய மண்ணிலிருந்து வேரோடு பெயர்ந்து விழுந்தது. அதை அறுத்து விற்றிருந்தால் பெருந்தொகை கிடைத்திருக்கும். விற்கவில்லை, விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். இப்போது அதன் முதுகில் பாசியும் பெரணியும் இளஞ்செடிகளும் வளர்கின்றன. கிடக்கும் மரத்தின் அடிப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. நாம் அதன் ஓரமாக நடந்து கொண்டேயிருக்கிறோம். மரம் முடிகிற வழியாயில்லை.

"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்று நம்மவர் சொல்வதுண்டு. ரெட்வுட் வைத்தவன் தின்னவும் போவதில்லை, முழு மரத்தைப் பார்க்கவும் போவதில்லை. புல் கிரீக் மலையில் இன்று தலையெடுக்கும் கன்றுகள் ஓடைக்கரை ராட்சதர்களின் உயரத்தை எட்டப் பல நூறு வருஷங்களாகும். அது தெரிந்தும் அங்கே பாட்டையைக் கெல்லி மண்ணைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.